அனுசுயாவுக்கு விழுந்த பிரிட்ஜ்

என் ஓரகத்தி அனுசுயாவுக்கு ஆன்லைனில் பிரிட்ஜ் விழுந்த செய்தி எனக்குச் சுவர் வழியாகத்தான் முதலில் வந்தது. மாமனார் இருக்கும்போதே வீட்டை நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்துப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி என் கொழுந்தன் விஜய்பாண்டிக்கு. அந்தப் பக்கம் குக்கர் வைத்தால் எத்தனை விசில் என்று இந்தப் பக்கம் எண்ணிவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவள் போனில் புருஷனிடம் மூச்சு வாங்கப் பேசுவது கேட்டது. "டபுள் டோருங்க. நெசமாத்தான். எம் பேரப் போட்டு வாழ்த்துச் சொல்லிருக்கான்."

உருவிய கீரையையும் காம்பையும் ஒன்றாகச் சட்டியில் போட்டேன்.

எனக்குப் பொறாமை உண்டு. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, சுருளிப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் ராமுத்தாய், இந்த வீட்டுக்கு மூத்த மருமகள். எட்டாவதோடு நின்றவள். இருபத்திரண்டு வருடமாகத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கழுத்தை அண்ணாந்து கவாத்து வெட்டி, மருந்தடித்து, கொத்துக்கு அழுகல் வராமல் காத்து நிற்கிறேன். அவள் வந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. பி.காம். படித்தவள். யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, யாருக்கு ஆதாரில் நம்பர் மாற்றுவது என்று பாதி ஊர் அவள் வாசலில்தான் நிற்கும். அவளும் சலிக்காமல் எழுதிக் கொடுப்பாள். கொழுந்தன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர். விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மேலே போய்விட்டுச் சாயங்காலம் இறங்கும்போது அவளுக்கென்று ஒரு பொட்டலம் வராமல் இருக்காது. ஒரு நாள் நேந்திரங்காய் சிப்ஸ், ஒரு நாள் அல்வா. என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் கடைசியாக எனக்கு வாங்கி வந்தது மம்பட்டிக்குப் பிடி.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பிரிட்ஜை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் நாத்தனார் மகாலட்சுமி கம்பத்தில் வீடு கட்டியிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை பால்காய்ச்சு. பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் சீர் கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கம் சீர் என்றால் சும்மா கையில் கொடுத்துவிட்டு வருவதில்லை. மேளம் வைத்து, வேட்டுப் போட்டு, தெருமுனையிலிருந்து தாம்பாளங்களோடு நடக்க வேண்டும். மூத்தவன் சீர் முன்னால், இளையவன் சீர் பின்னால். கொண்டு போகிற பெரிய சாமானை வண்டியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தி ஊர்வலமாய் ஓட்ட வேண்டும். நாலு மாதத்துக்கு முன்பே கம்பம் மெயின் ரோட்டில் ஜாஸ்பர் கடையில் முன்பணம் கட்டி ஒரு பிரிட்ஜ் சொல்லி வைத்திருந்தேன். ஒற்றைக் கதவுதான், சிவப்பு நிறம், கதவில் பூப்போட்டது. ஒரு தடவையாவது நான் முன்னால் நடக்க, அனுசுயா பின்னால் தாம்பாளம் ஏந்தி வர வேண்டும் என்று நினைத்தேன். இதற்கு ஆசைப்பட்டது குற்றமா?

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளே போனோடு வந்தாள்.

"அக்கா, இங்க பாருங்கக்கா. கம்பெனிக்கு இருபத்தஞ்சாவது வருசமாம், அதுக்காக ஆயிரம் பேருக்குச் சும்மா குடுக்குறாகளாம். நாலு கேள்வி கேட்டாக. அப்பறம் ஒரு சக்கரம் சுத்துச்சு. ரெண்டு தடவ ஒண்ணுமில்ல. மூணாவது சுத்துல விழுந்துருச்சு."

போனில் ஆளுயரப் பிரிட்ஜ் ஒன்று வெள்ளிக் கலரில் நின்றது. பெயர் போன கம்பெனி. மேலே 'வாழ்த்துக்கள் அனுசுயா' என்று இருந்தது. கீழே காகிதப்பூ கொட்டுகிற மாதிரி படம்.

"செலவே இல்லையா?" என்றேன்.

"அனுப்புற கூலி மட்டும் ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொம்பது. கட்டிட்டேன். இருபது பேருக்கு இந்த லிங்க அனுப்பச் சொன்னாக, அனுப்பிட்டேன். உங்களுக்கும் வந்துருக்கும் பாருங்க."

"நல்லதுத்தா" என்றேன். வேறு என்ன சொல்ல? சிரித்துத்தான் சொன்னேன். என் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே நாத்தனார் போன் செய்தாள்.

"மதினி, சின்ன மதினிக்கு டபுள் டோர் விழுந்துருக்காம்ல. அதத்தான் சீரா வைக்கிறாகளாம். ஒரே வீட்டுல ரெண்டு பிரிட்ஜ வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? நீங்க ஒரு மிக்சி குடுத்தாப் போதும். உங்களுக்கும் செலவு மிச்சம்தான?"

மிக்சி. மேளத்துக்குப் பின்னால் மூத்த மருமகள் ஒரு மிக்சி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க, பின்னால் அவள் பிரிட்ஜ் வண்டியில் மாலை போட்டுக்கொண்டு வரும். பார்க்கிறவர்கள் யார் மூத்தவள் என்று கேட்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எழுந்து போய் ஒரு சொம்பு மோர் குடித்தேன்.

மத்தியானம் அவர் தோட்டத்துக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தேன். அனுசுயா அனுப்பிய லிங்க் அங்கே இருந்தது. அவளுக்கு விழும்போது எனக்கு மட்டும் ஏன் விழாது? நாலு கேள்வி. வயசு என்ன, ஆணா பெண்ணா, இந்தக் கம்பெனியைத் தெரியுமா, பிடிக்குமா. சக்கரம் சுற்றியது. முதல் சுற்று ஒன்றுமில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது சுற்றில் நின்று நிதானித்து டபுள் டோரில் போய் உட்கார்ந்தது.

'வாழ்த்துக்கள் ராமுத்தாய்.'

என்னை ராமுத்தாய் என்று அவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டு வெகுகாலமாயிற்று. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். மேலே ஒரு கடிகாரம் ஐந்து நிமிடத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. அதற்குள் பணம் கட்டாவிட்டால் பரிசு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது. கீழே பரிசு வாங்கினவர்கள் எழுதியிருந்தார்கள். 'இன்று காலை என் வீட்டுக்கு வந்தது, நன்றி' என்று ஒரு அம்மாள் சேலையில் நின்று சிரித்தாள். ஜிபேயைத் திறந்தேன். பணம் போகிற இடத்தில் கம்பெனி பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். கடிகாரம் ஓடியது, அதைவிட அனுசுயாவின் முகம் என் கண்ணுக்குள் ஓடியது. நான் இரண்டு கதவு, அவளும் இரண்டு கதவு, நான் முன்னால். இதுதான் அப்போது என் கணக்கு.

திங்கட்கிழமை விடிந்ததும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பிரிட்ஜ் கிளம்பிவிட்டதாம், வரிப்பணம் எட்டாயிரத்து ஐந்நூறு கட்டினால்தான் மதுரையைத் தாண்டுமாம். அது திரும்பக் கிடைக்கும் பணம்தானாம். எட்டாயிரத்து ஐந்நூறு என்னிடம் ரொக்கமாக இல்லை. ஜாஸ்பர் கடையில் கட்டின முன்பணத்தைத் திருப்பி வாங்கினால் ஆகும் என்று பஸ் ஏறினேன்.

ஜாஸ்பர் கம்பத்தில் இரண்டு தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக மற்ற நாளெல்லாம் கல்லாவில்தான் இருப்பார். முன்பணத்தை ஏன் கேட்கிறேன் என்று விசாரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, போனை நீட்டினேன்.

அவர் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"அக்கா, இதுக்குப் பணம் எதும் கட்டுனீகளா?"

"ஆயிரத்து ஐந்நூறு. சும்மா கூலிதான்."

"பரிசு குடுக்குறவன் உங்ககிட்டக் காசு கேப்பானா? கூலின்னு வாங்குவான், வரின்னு வாங்குவான், டெபாசிட்னு வாங்குவான். நீங்க நிறுத்துற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பான். சாமான் வராது. இந்தா, மேல இருக்க அட்ரசப் படிங்க. கம்பெனி பேருக்குப் பின்னாடி கிப்ட்டு, வின்னுன்னு கண்டதும் ஒட்டிருக்கு. கம்பெனி சைட்டு இப்பிடியா இருக்கும்? நானே அந்தக் கம்பெனி சரக்குத்தான் விக்கிறேன், இப்பிடி ஒரு திட்டம் இருந்தா எனக்குத் தெரியாதா?"

"எனக்கு மூணாவது சுத்துல விழுந்துச்சே ஜாஸ்பரு" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"எல்லாருக்கும் மூணாவதுலதான் விழும். இப்ப வேற பேரப் போட்டுச் சுத்துங்க. நம்பரு கேட்டா மட்டும் குடுக்காதீக."

என்ன பெயர் போடுவது? வாயில் வந்தது எங்கள் பசு மாட்டின் பெயர்தான். செவலை என்று போட்டேன். கேள்விக்கெல்லாம் வேண்டுமென்றே தப்பாக அமுக்கினேன். முதல் சுற்று இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவது சுற்றில் 'வாழ்த்துக்கள் செவலை' என்று காகிதப்பூ கொட்டியது.

"பாத்தீகளா" என்றார் ஜாஸ்பர். "இருபது பேருக்கு ஏன் அனுப்பச் சொல்றான்? தெரியாதவன் அனுப்புனா நீங்க தொடமாட்டீக. வீட்டாளு அனுப்புனா நம்பிருவீக. கடிகாரம் எதுக்கு? யோசிக்க விடாம அடிக்கிறதுக்கு. மொதல்ல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு... இல்லக்கா, ஒண்ணு ஒம்பது மூணு சைபர், அந்த நம்பருக்குப் போனப் போடுங்க. சைபர் போலீசு. சீக்கிரம் சொன்னா பணத்தப் பிடிச்சு வச்சாலும் வைப்பாக."

அவர் கடையிலேயே உட்கார்ந்து போன் போட்டேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் புகார் எண் என்று குறுஞ்செய்தி வந்தது. முன்பணத்தைத் திருப்பி வாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குச் சிவப்பு பிரிட்ஜே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பாதி வழியில்தான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. அப்படியென்றால் அனுசுயாவுக்கும் விழவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், நெஞ்சு குளிர்ந்தது. வெல்லத்தைக் கடித்த மாதிரி இருந்தது. பி.காம். படித்தவள், ஊருக்கே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவள், மாட்டுக்கு விழுந்த பரிசை வைத்துக்கொண்டு தலைகால் புரியாமல் ஆடுகிறாள். ஆயிரத்து ஐந்நூறு போனது எனக்கு வலிக்கவே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஊரில் இறங்கினேன். பால் சொசைட்டிக்கு எதிரே இரண்டு பேர் ஏணி வைத்து ஏறி நின்றார்கள். கொழுந்தன் கீழே நின்று "எடது பக்கம் ஏத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிளக்ஸ். மகாலட்சுமியின் புதுமனைக்கு வருகிறவர்களை வரவேற்று, மேலே புது வீட்டின் படம், நடுவில் அந்த வெள்ளிக் கலர் பிரிட்ஜ். பிரிட்ஜின் ஒரு பக்கம் விஜய்பாண்டி, மறு பக்கம் அனுசுயா கை கூப்பி நின்றார்கள். 'தம்பி வீட்டுச் சீர்' என்று கொட்டை எழுத்து. எங்கள் இருவரையும் கீழே ஓரத்தில், ஆதார் கார்டில் இருக்கிற படத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து சேராத சாமானைப் பிளக்ஸில் போடுகிற தைரியம் எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர யாருக்கு வரும்?

"எப்பிடி மதினி இருக்கு?" என்றார் கொழுந்தன்.

என் ஆதார் முகத்தைப் பார்த்தேன்.

"அம்சமா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போனில் அந்தப் பரிசுக்காரனோடு பேசினாள். எட்டாயிரத்து ஐந்நூறா, கண்டிப்பாகத் திரும்ப வருமா, வியாழக்கிழமை சாமான் வந்துவிடுமா என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. "பிளக்சுல்லாம் வச்சாச்சு சார்" என்று அவனிடம் சொன்னாள். அந்தத் திருடனுக்கு அதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. எழுந்து போய்ச் சுவரைத் தட்டினால் போதும். நான் எழுந்தேன். எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அன்று முழுக்க எனக்குள் நானே ஞாயம் பேசினேன். நான் சொன்னால் நம்புவாளா? அவளுக்கு ஒன்று கிடைத்தால் எனக்குப் பொறுக்காது என்பது ஊரறிந்த சங்கதி. வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்பாள். நம்ப வைக்க வேண்டுமென்றால் நானும் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றினதை, பணம் கட்டினதைச் சொல்ல வேண்டும். அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். அப்புறம், எட்டாயிரத்தோடு விட்டுவிடுவான் என்றும் நினைத்துக்கொண்டேன். ஜாஸ்பர் சொன்னது காதில் விழாதது மாதிரி நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பிரிட்ஜ் வராது, அவள் ஒரே ஒரு நாள் தலை குனிந்து நிற்பாள், அவ்வளவுதானே.

புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அனுசுயா கொல்லைக் கதவு வழியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை.

"அக்கா, கம்பத்துக்கு ஒரு நட போயிட்டு வருவமா? பேங்கு வரைக்கும்."

"என்னத்துக்கு?"

பையைத் திறந்து காட்டினாள். அவளுடைய முறுக்குச் செயின், அவள் அப்பா கல்யாணத்துக்குப் போட்டது. "நாப்பத்தஞ்சாயிரம் டெபாசிட் கட்டணுமாம். சாமான எறக்குனதும் அன்னைக்கே திருப்பிப் போட்டுருவாகளாம். ஏற்கனவே ரெண்டு தடவ கட்டிட்டேன். இவுகளுக்குத் தெரியாது. ஜீப்புக்கு எப்.சி. காட்ட வச்சுருந்த காசு. இப்ப வேணாம்னு விட்டா கட்டுனதும் போயிரும், பிளக்ச வேற ஊரே பாத்துருச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா. எங்க அம்மாகிட்டக்கூடச் சொல்லல. உங்களத் தவிர யார்கிட்டச் சொல்லுவேன்?"

அவள் அதைச் சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே என்னைத் தவிர யாரும் இல்லை என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடமாக அவளை நான் என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன், அவள் என்னை இப்படியா நினைத்துக்கொண்டிருந்தாள்?

"போக வேணாம்" என்றேன். "அது பூரா ஏமாத்து. பிரிட்ஜும் கெடையாது ஒண்ணுங் கெடையாது. பைசா கட்டாத."

என்னை வெறித்துப் பார்த்தாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள்.

"எனக்கு விழுந்தது உங்களுக்குப் பொறுக்கலையாக்கா?"

"பொறுக்கலதான்" என்றேன். "அதுக்காகச் சொல்லல."

"அவுக நேத்துக்கூட ரசீது அனுப்புனாகக்கா. சீல் போட்டு, கையெழுத்தெல்லாம் இருக்கு. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது." பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "நீங்க வராட்டியும் பரவால்ல. நான் போயிட்டு வாரேன். பதினொன்னே முக்காலுக்குப் பஸ்சு இருக்கு."

கொல்லைக் கதவு வரை போய்விட்டாள். அந்தச் செயின் போய்விடும். ஜீப் நின்றுவிடும், அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஜீப்பால்தான். நான் ஈரக் கையோடு உள்ளே ஓடிப் போனை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"நில்லு அனுசு. எனக்கும் விழுந்துச்சு."

அவள் நின்றாள்.

"நீ அனுப்புன லிங்குதான். கதவச் சாத்திக்கிட்டுச் சுத்துனேன். உன்னோடது மாதிரியே மூணாவது சுத்து, அதே பிரிட்ஜு. நானும் ஆயிரத்து ஐந்நூறு கட்டுனேன். நம்ம செவலப் பசு பேரப் போட்டேன், அதுக்கும் விழுந்துச்சு. இந்தா பாரு."

போனை வாங்கிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். எதையும் அரைகுறையாகப் படிக்கிறவள் இல்லை அவள். வாழ்த்துக்கள் ராமுத்தாய் என்ற படத்தைப் பார்த்தாள். வாழ்த்துக்கள் செவலையைப் பார்த்தாள். என்னிடம் கேட்ட எட்டாயிரத்து ஐந்நூறு செய்தியையும் தன் போனில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வார்த்தை வார்த்தையாகப் பார்த்தாள். ஒரே எழுத்து, ஒரே தப்பு. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. செயின் இருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

"போலீசுலகூடச் சொல்லிட்டேன்" என்று நானாகவே அந்தக் குறுஞ்செய்தியையும் திறந்து காட்டினேன். இன்னும் கொஞ்சம் நம்பட்டும் என்றுதான் காட்டினேன்.

அதையும் முழுக்கப் படித்தாள்.

"திங்கக்கிழமை பதினொன்னு நாப்பதுன்னு போட்டுருக்கு" என்றாள்.

போனைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"நான் செவ்வாக்கெழம மத்தியானந்தானக்கா எட்டாயிரத்தைந்நூறு கட்டுனேன். நடுவீட்டுல நின்னுதான் பேசுனேன். உங்களுக்குக் கேட்டுருக்குமே."

"கேட்டுச்சு" என்றேன்.

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? "நீ கெட்டுப் போகணும்னு நெனைக்கலத்தா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீ தல குனிஞ்சு நிக்கிறத நான் பாக்கணும்னு இருந்துச்சு. அதுக்காக வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. பெற்றவளை, பிறந்தவளை இழுத்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி மனசை ஆற்றியிருப்பேன். தன் போனை எடுத்து அந்த நாலு எண்ணை அமுக்கினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் பெயர், ஊர், எந்தக் கணக்கு, எவ்வளவு என்றெல்லாம் கேட்டது. சொன்னாள். சனிக்கிழமை கட்டினது அடுத்தடுத்த கணக்குக்கு மாறிப் போயிருக்கும், நேற்றுக் கட்டினதைப் பிடிக்க முடிகிறதா என்று பார்ப்போம், நேற்றே கூப்பிட்டிருந்தால் நல்லது என்றார். பிறகு கேட்டார்.

"இது மோசடின்னு உங்களுக்கு எப்பம்மா தெரிய வந்துச்சு?"

அனுசுயா என்னைப் பார்த்தாள்.

"இப்பத்தான் சார். எங்க அக்கா இப்பத்தான் சொன்னாக."

சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த கொழுந்தனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை, நேராகப் போய்ப் பிளக்ஸை அவரே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்து ஜீப் மேலே போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அன்றைக்குப் பேச்சே இல்லை. எத்தனை விசில் என்று எண்ணுகிறவளுக்குக் குக்கர்கூட வைக்காத வீட்டில் எண்ண என்ன இருக்கிறது? நான் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். கதவைத் தட்டாமலே திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் நினைத்தது எல்லாம் நடந்தது. கம்பத்தில் தெருமுனையில் குட்டியானை வண்டி நின்றது. சிவப்பு பிரிட்ஜுக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். மேளக்காரர்களுக்குப் பின்னால் நான் பட்டுச்சேலையில் முதல் தாம்பாளத்தோடு நடந்தேன். இரண்டு பக்கமும் வாசலில் நின்று பார்த்தார்கள். "மூத்தவக சீரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் பின்னால் அனுசுயா ஒரு பித்தளைக் குடமும் வாழைத்தாறு வைத்த தாம்பாளமுமாக நடந்து வந்தாள். இதைத்தானே கேட்டேன். நாலு மாதமாக இதைத்தானே கனவு கண்டேன். வேட்டுச் சத்தத்தில்கூட எனக்கு நெஞ்சு குளிரவில்லை.

பால் பொங்கி எல்லோரும் பந்திக்கு உட்கார்ந்த பிறகு மகாலட்சுமி என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மதினி, நீங்க இல்லாட்டிச் சின்ன மதினி கழுத்துல கெடக்குறதும் போயிருக்குமாம்ல. அவமானம்னு பாக்காம உங்க போனையே எடுத்துக் காட்டுனீகளாம்ல. வாறவக போறவக கிட்டெல்லாம் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காக. எங்க பெரியக்கா மாதிரி யாருக்கு வரும்னு சொல்றாக."

எட்டிப் பார்த்தேன். அனுசுயா கூடத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆறேழு பெண்கள், ஆளுக்கொரு போன். எந்த லிங்கைத் தொடக்கூடாது, பணம் கேட்டாலே எப்படித் திருட்டு என்று கண்டுகொள்வது என்று ஒவ்வொருத்திக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். தான் ஏமாந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுவில் என்னைப் பார்த்துவிட்டு, நான் உட்காரத் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து அமர்ந்தாள்.

பிரிட்ஜ், அல்வாப் பொட்டலம், பி.காம்., எதைப் பார்த்தும் எனக்கு இந்த அளவு வயிறு எரிந்ததில்லை. நானாக இருந்தால் முதல் ஆளிடமே போட்டு உடைத்திருப்பேன்.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.